மூச்சுத் தண்ணீர்

முப்பத்தொரு வருஷம் ஊரார் படுத்துத் தூங்குவதற்கு வண்டி கட்டிக் கொடுத்த லவெர்ன் பான்ட்ரேகர், அப்படி ஒரு வண்டிக்குள் ஒரு தடவைகூடக் காலை நீட்டிப் படுத்ததில்லை. எங்கள் பக்கத்தில் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இண்டியானாவின் வடக்கு மூலையில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே வரிசையாகத் தகரக் கொட்டகைகள் நிற்கும். அத்தனையும் வண்டிப் பட்டறைகள். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வண்டி. உள்ளே மெத்தை, அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. வாங்குகிறவன் அதை இழுத்துக்கொண்டு ஏரி, மலை என்று சுற்றுவான். கட்டுகிறவனோ விடிகாலை ஐந்தரைக்குப் போய், மதியத்துக்குள் வேலையை முடித்து, வீட்டுக்கு வந்து குப்புற விழுந்துவிடுவான். அவனுக்கு எங்கே ஏரி, எங்கே மலை!

மதியமே வீடு திரும்புகிறார்களே என்று பொறாமைப்பட வேண்டாம். இன்றைக்கு எட்டு வண்டி என்றால், எட்டும் முடிந்த நிமிஷம் போகலாம். அதனால் பட்டறைக்குள் யாரும் நடப்பதில்லை, ஓடுவார்கள். லவெர்னுக்கு ஓரப்பட்டி வேலை. கூரைத் தகடும் பக்கச் சுவரும் சேருகிற விளிம்பின் மேல் அலுமினியப் பட்டியை வைத்து, சாண் தூரத்துக்கு ஒன்றாகத் திருகாணி இறக்க வேண்டும். பட்டிக்கு அடியில் பசைநாடா ஒட்ட வேண்டும். மழையைத் தடுப்பது அந்த நாடாதான், பட்டி வெறும் அலங்காரம். நாடாச் சுருள் நடுவில் தீர்ந்துபோனால் ஸ்டோருக்குப் போய்வர நூறு தப்படி. அதற்குள் வரிசையில் பின்னால் நகர்ந்து வருகிற வண்டி வந்து இடித்துக்கொண்டு நிற்கும், ஆறு பேர் கத்துவார்கள். ஆகவே நாடா இல்லாமலே பட்டியை இறக்கிவிட்டு, வெளியோரத்தில் வெள்ளைக் களிம்பைப் பிதுக்கி விரலால் ஓர் இழுப்பு இழுத்துவிடுவது. பார்க்க லட்சணமாக இருக்கும். லவெர்ன் மட்டும் என்றில்லை, எல்லாரும் செய்ததுதான்.

அப்புறம் ஒழுகுகிறதே என்று யாராவது வந்து நின்றால்? அதற்கும் பதில் தயாராக இருந்தது. ஃபோர்மேன் மெர்ல், புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்.

"ஒழுகுதுன்னு எவன் வந்தாலும் ஒரே பேச்சுதான். 'அது மழத் தண்ணி இல்லீங்க, உங்க மூச்சு. ரெண்டு பேரு ராத்திரி பூரா மூச்சு விட்டா செவுரு வேர்க்கத்தானே செய்யும்?' அம்புட்டுதான். சிரிச்ச மூஞ்சியோட சொல்லணும், புரியுதா?"

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சின்ன வண்டிக்குள் மூச்சுக் காற்றில் சுவர் வேர்க்கத்தான் செய்யும். அதனால் வந்தவர்கள் நம்பினார்கள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அயோவாவிலிருந்து ஒரு வயசான தம்பதி, வண்டியை இழுத்துக்கொண்டே பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். கிழவர் உள்ளங்கையில் ஒரு பிடி மரத்தை வைத்திருந்தார். மரமா அது, ஊறிப்போன ரொட்டி. அந்த அம்மாள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். மெர்ல், லவெர்னைக் கூப்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். லவெர்ன் அதே பேச்சைச் சிரித்த முகமாகச் சொன்னார். கிழவர் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. "ஆமாங்க, நான் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்குவேன்" என்றாள்.

இதை லவெர்ன் அன்றைக்கே வீட்டில் சொன்னார். அவர் பெண்சாதி ஆர்டித் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வண்டியில் ஒழுகல் எப்படி வருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. தன் மூச்சு என்று தெரியாமல் பட்டறைக்காரனோடு சண்டைக்கு வந்த அசட்டு ஜனங்கள் என்றுதான் அவள் நினைத்தாள். லவெர்னும் அப்படியே நினைக்க விட்டுவிட்டார். அதற்கப்புறம் அது அந்த வீட்டுக் கதையாகிவிட்டது. சமையலறை ஜன்னலில் ஆவி படிந்தால், "அயோவாக்காரம்மா வந்துட்டுப் போயிருக்கா" என்பாள். சர்ச் சபை விருந்துகளில், உருளைக்கிழங்கு மசியல்மேல் நூடுல்ஸை ஊற்றிச் சாப்பிட்டபடி, "லவெர்ன், அந்த அயோவாக் கதயச் சொல்லேன்" என்று அவளே எடுத்துக் கொடுப்பாள்.

தோள்பட்டை கழன்று லவெர்ன் வேலையை விட்டது போன இலையுதிர் காலத்தில். ஒரு மாசம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "நாம ஒரு துளிவண்டி கட்டினா என்ன?" என்றார்.

படுக்கப் போட்ட நீர்த்துளி மாதிரி முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்குகிற சின்ன வண்டி அது. உள்ளே நாலடி உயரந்தான், படுக்கலாம், நிற்க முடியாது. வால் பக்கத்து மூடியைத் தூக்கினால் அங்கே அடுப்படி. கடையில் வாங்குகிறவர்களைவிட வீட்டில் கட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

"கட்டிட்டு எங்க போறது?" என்றாள் ஆர்டித்.

"மிச்சிகன் ஏரிக்கு. மே மாசக் கடைசியில துளிவண்டிக்காரங்க எல்லாம் அங்க கூடுவாங்க."

"ராத்திரி தங்கறதா?"

"தங்காம? மூணு ராத்திரி."

ஆர்டித் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான வருஷம், ஏரிச் சத்தம் கேட்கிற மாதிரி ஓர் இடத்தில் ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னவள். அதற்கப்புறம் அதை அவள் வாயில் எடுத்ததில்லை. லவெர்ன் மறக்கவில்லை, ஆனால் ஒன்றும் செய்யவுமில்லை.

டிசம்பரில் கார்க் கொட்டகையில் வேலை தொடங்கியது. வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு. முதல் நாள் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியை வைத்துக்கொண்டு லவெர்ன், "படு" என்றார்.

"என்னது?"

"அளவு பாக்கணும். படு."

"அறுபது வயசுல தரையில படுக்கச் சொல்றியே மனுஷா, யாராச்சும் பாத்தா ஆம்புலன்ஸக் கூப்பிடுவாங்க."

படுத்தாள். அவர் அவளைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு தானும் பக்கத்தில் படுத்தார். அவள் எழுந்து அவரைச் சுற்றிக் கோடு போட்டாள். "உனக்கு வயிறு இருக்கே, அதுக்குத் தனியா இடம் விடணும்" என்றாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க லவெர்ன் ஓடவில்லை. பக்கச் சுவரின் வளைவைப் பிளைவுட்டில் அறுக்க நாலு நாள் எடுத்துக்கொண்டார். கூரைப் பலகையை வளைக்க வெந்நீரில் நனைத்த துண்டுகளைப் போட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் ஆளுக்கொரு முனையாக அமுக்கி வளைத்தார்கள். மெத்தைப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் தைத்தவள் ஆர்டித். மஞ்சள் பூப்போட்ட திரை தைத்தாள், மெத்தைக்கு உறை தைத்தாள், கதவுப் பக்கம் கண்ணாடி வைக்க ஒரு பை தைத்தாள். வலது பக்கப் படுக்கை தன்னுடையது என்று சொல்லிவைத்துவிட்டாள். அந்தப் பக்க ஜன்னலில்தான் ஏரி தெரியுமாம்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. ஓரப்பட்டியைத் தவிர எல்லாம் முடிந்திருந்தது. இடது பக்கம் முடித்து, வலது பக்கத்தில் கடைசிப் பட்டிக்கு வந்தபோது நாடா தீர்ந்துபோயிற்று. இரண்டடிக்குத்தான் போதவில்லை. ஆர்டித் அவர் ஏறி நின்ற முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாடா முடிஞ்சிருச்சா? நான் போயி வாங்கிட்டு வரேன். கடை தொறந்துதான் இருக்கும், பத்து நிமிஷம்."

கேளுங்கள். கூட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பின்னால் எந்த வண்டியும் வந்து இடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. பெண்டாட்டி தானே போய் வாங்கி வருகிறேன் என்கிறாள். ஆனால் இடது கையில் பட்டி இருந்தது, வலது கையில் திருகாணி மெஷின் இருந்தது, பல்லுக்கிடையில் நாலு திருகாணி இருந்தது.

"போதும், இருக்கு" என்று அந்த மனுஷன் பல்லிடுக்கில் சொல்லிவிட்டு, தன் முதுகால் அவளுக்கு மறைத்துக்கொண்டு, வெறும் பட்டியை டர் டர்ரென்று இறக்கினார். மேலே களிம்பு. விரலால் ஓர் இழுப்பு.

"எவ்ளோ அழகா வந்துருக்கு!" என்றாள் கீழே நின்றவள்.

வியாழக்கிழமை ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மணல்மேட்டுக்குப் பின்னால் மரத்தடியில் நாற்பது துளிவண்டிகள். பக்கத்து வண்டியில் ஆரினும் அவர் பெண்சாதி நெல்டாவும். ஆரின் ரிடையரான தபால்காரர், தன் வண்டியைத் தானே கட்டியவர். அன்று ராத்திரி மழை பெய்தது. கூரைமேல் மழையும் மேட்டுக்கு அப்பால் ஏரியுமாகச் சத்தம் சேர்ந்து கேட்டது. "கேட்டியா, லவெர்ன்?" என்று இருட்டில் சொன்னாள் ஆர்டித். அதற்காகவே அவர் அந்த வண்டியைக் கட்டினார்.

விடிந்ததும் அவள் தலையணையின் ஓரம் நனைந்திருந்தது. தேத்தண்ணீர் சிந்தின மாதிரி பழுப்புக் கறை. அவருக்கு நிமிர்ந்து பார்க்கவே தேவையில்லை. பார்த்தார். அவள் தலைக்கு நேர் மேலே, சுவர் சேருகிற மூலையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"என்னதிது? ஒழுகுதா?" என்றாள்.

"ஒழுகறதாவது! அது மூச்சு. ரெண்டு பேரு ராத்திரி பூரா மூச்சு விட்டா செவுரு வேர்க்கத்தானே செய்யும்?"

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. முகத்தில் அந்தச் சிரிப்பும் தானாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் தன் காதில் விழுந்தது. ஆர்டித்துக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"ஐயோ, நானா? என் பக்கந்தானே நனஞ்சிருக்கு. உன் பக்கம் காஞ்சுதானே கெடக்கு."

"பரவால்ல விடு."

"பழுப்பா வேற இருக்கு. காப்பியாலயா இருக்குமோ?"

அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறவர்போல வெளியே வந்துவிட்டார். பிளைவுட்டுக்குள் ஊறி வருகிற தண்ணீர்தான் பழுப்பாக இருக்கும். அது பட்டறையில் துடைப்பம் பிடிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். இப்போதே திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டால் ஒரு நிமிஷ வெட்கத்தோடு போய்விடும் என்று நினைத்தார். அடுப்பு பற்றிக்கொண்டது. முட்டையை உடைத்து ஊற்றினார்.

அன்றைக்கு ஆர்டித் காப்பி குடிக்கவில்லை. தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டாள். சுவரை மூன்று தடவை துடைத்தாள். சாயங்காலம் மறுபடி தூறல் பிடித்துக்கொண்டபோது, தன் பக்க ஜன்னலைத் திறந்துவைத்து அதை ஒட்டிப் படுத்தாள். குளிர் உள்ளே வந்தது.

"மூடிடேன், ஆர்டித்."

"வேணாம். மூச்சு வெளிய போகட்டும்."

சனிக்கிழமை வெளிச்சம் வருகிறபோது லவெர்ன் கண் விழித்தார். பக்கத்தில் அவள் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். காரின் முன்சீட்டில், காலை மடக்கிக்கொண்டு, கம்பளிக் கழுத்துத் துணியை மூக்கோடு வாயைச் சுற்றிக் கட்டியபடி அவள் உட்கார்ந்த வாக்கில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் விழித்தாள்.

"எப்ப வந்த இங்க?"

"மழை வலுத்துச்சுல்ல, அப்ப. வாயக் கட்டிக்கிட்டுப் பாத்தேன், அப்பவும் சொட்டுச்சு. இன்னைக்கு எல்லாரும் வந்து பாப்பாங்களே லவெர்ன், உன் வண்டிய நான் நாற வெச்சிட்டேன்னு ஆயிரக் கூடாதில்ல." துணிக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. "நீ வருத்தப்படாத. எனக்கு இங்கயும் ஏரிச் சத்தம் கேட்டுச்சு."

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர், "எறங்கி வா, குளிருது" என்றார். அவள் கையைப் பிடித்து இறக்கும்போது அந்தக் கை ஐஸாக இருந்தது. வெட்கத்தில் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை துளிவண்டிக்காரர்கள் கதவையும் மூடியையும் திறந்துவைத்துவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் யார் வண்டிக்குள்ளும் தலையை விடலாம், தட்டலாம், கேட்கலாம். மழை விட்டிருந்தது. திரையைப் பார்த்துவிட்டு நாலைந்து பெண்கள் ஆர்டித்தைச் சூழ்ந்துகொண்டார்கள். நெல்டா உள்ளே தலையை விட்டாள்.

"தையலப் பாருங்கடி! கடையில வாங்கின மாதிரி இருக்கு." பிறகு குரல் தாழ்ந்தது. "ஆமா, தலமாட்டுல இது என்ன கறை?"

"அதக் கேக்காதீங்க, என் மானமே போகுது" என்றாள் ஆர்டித். "என் மூச்சுங்க அது. நான் மூச்சு விட்டா செவுரே நனையுது. ரெண்டு நாளா காப்பியக்கூட நிறுத்திட்டேன்."

நெல்டா தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். ஆரின் எட்டி, மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரலை முகர்ந்தார். பிறகு லவெர்னைப் பார்த்தார், உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சொந்தக் கையால் வண்டி கட்டினவர்கள். அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

"எங்களுக்கும் மொத வருஷம் இப்பிடித்தான் ஏதோ..." என்று நெல்டா இழுத்தாள்.

ஆர்டித்துக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. எல்லாரையும் சிரிக்கவைத்துவிடலாம் என்று நினைத்தாள், பாவம்.

"எங்க வீட்டுல ஒரு கதை உண்டு. லவெர்ன் பட்டறையில இருந்தப்ப, அயோவாலேர்ந்து ஒரு அம்மா, வண்டி ஒழுகுதுன்னு சண்டைக்கு வந்தாங்களாம். இவரு, 'அது உங்க மூச்சு'ன்னாராம். அதுக்கு அந்தம்மா, 'ஆமாங்க, நான் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்குவேன்'னாங்களாம்! எத்தன வருஷம் சிரிச்சிருக்கேன் தெரியுமா? இப்பப் பாருங்க, நானே அந்த அயோவாக்காரம்மாவா ஆயிட்டேன்!"

அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் செருப்பைப் பார்த்தாள். ஆர்டித் சிரிப்பை நடுவில் நிறுத்தி, எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

லவெர்ன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அடுப்படி இழுப்பறையிலிருந்து கைத்திருகியை எடுத்தார். வலது பக்கம் போய், கடைசிப் பட்டியின் முதல் திருகாணியைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றினார். மூன்றாவது மணலில் விழுந்தது. பட்டி கையோடு வந்தது. அடியில் வெறும் மரம், கறுத்து ஊறிப்போயிருந்தது.

"நாடா இல்ல, ஆர்டித். அன்னைக்குத் தீந்துபோச்சு. நீ வாங்கிட்டு வரேன்னு சொன்ன, நான் இருக்குன்னு சொன்னேன். உன் மூச்சு இல்ல. மழத் தண்ணி. நேத்தே தெரியும் எனக்கு. பட்டிய எறக்குன அன்னைக்கே தெரியும்."

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். நாலு பேர் மெல்ல நகர்ந்தார்கள். நெல்டா ஆர்டித்தின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஆரின் தன் வண்டிக்குப் போய் ஒரு நாடாச் சுருளைக் கொண்டுவந்து, சக்கரத்து மேல்மூடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆர்டித் அந்தக் கறுத்த மரத்தை விரலால் தொட்டாள். திருகாணித் துளையோரம் ஒரு சிம்பு பிய்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று லவெர்ன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப அந்தம்மா?" என்றாள்.

"எந்தம்மா?"

"அயோவாக்காரம்மா. அவங்க வண்டி?"

அவர் பட்டியைப் பார்த்தார். "அதுலயும் இல்ல."

"அவங்களும் வாயக் கட்டிக்கிட்டுப் படுத்துருப்பாங்க, லவெர்ன். காருல போயி உக்காந்துருப்பாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அவங்க வீட்டுக்காரரு வழியெல்லாம் சொல்லிக் காமிச்சிருப்பாரு. உன்னாலதான் ஊறிப்போச்சுன்னு. அந்தம்மாவும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டே போயிருப்பாங்க."

"ஆர்டித்..."

"பதினாறு வருஷமா என்னையும் சேத்துல்ல சிரிக்க வெச்சிருக்க."

அவள் அந்த மரத்துணுக்கைக் கீழே போடவில்லை, உடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள். நனைந்த இடத்தைத் தன் கழுத்துத் துணியால் ஒற்றி எடுத்து, வெயில் படும்படி விட்டாள். ஏரிப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். மரம் காய்ந்ததும் எழுந்து வந்து, ஆரின் வைத்துப்போன சுருளைப் பிரித்தாள். லவெர்ன் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மூலையிலிருந்து ஆரம்பித்து, நாடாவைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, அங்குலம் அங்குலமாக ஒட்டிக்கொண்டு வந்தாள். இரண்டடிதான். அவளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை லவெர்ன் பட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார்.